கை மரத்துப்போனால், எந்த விரல் என்று பாருங்கள்

இரண்டு வருடங்களுக்கு முன் பொங்கலுக்குக் கம்பம் போயிருந்தேன். பெரியம்மா வீட்டில்தான் தங்கல். இரவு மூன்று மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தால், பெரியம்மா பாயில் உட்கார்ந்து இடது கையை உதறிக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு ஈரத்தை உதறுவோமே, அந்த மாதிரி.

"என்ன பெரியம்மா?"

"ஒண்ணுமில்லப்பா. கை மதமதன்னு ஆயிரும். உதறுனா சரியாப் போகும். நீ போய்ப் படு."

"டாக்டர்ட்ட காட்டலையா?"

"வலது கையிலயும் இப்படித்தான் ரெண்டு மூணு வருசம் பாடாப் படுத்துச்சு. அப்புறம் தானா வலி நின்னுபோச்சு. இதுவும் போயிரும்."

வலது கை சரியாகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். அது சரியாகவில்லை, கெட்டுப்போய்க்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு படித்ததையும், டாக்டர்களிடம் கேட்டதையும் இங்கே குறிப்புகளாகத் தொகுத்து வைக்கிறேன். நான் மருத்துவன் இல்லை. இதைப் படித்துவிட்டு வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டாம். டாக்டரிடம் போய் எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள உதவினால் போதும்.

கைதான் கூலி

கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். விடியுமுன் ஜீப்புகள் கிளம்பிவிடும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று மலைப்பாதைகளிலும் பெண்களை ஏற்றிக்கொண்டு கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும். சாயங்காலம் திரும்பும். பெரியம்மா இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அந்த ஜீப்பில் போனவர்.

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தூரிலிருந்து கிளம்பித் தரையோடு கிடக்கும் சரங்களில் காய்க்கும். எல்லாக் காயும் ஒரே நாளில் விளையாது. விளைந்ததை மட்டும் பார்த்து, கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்த்துக் கிள்ளி எடுக்க வேண்டும். குனிந்தோ குத்துக்காலிட்டோ, மணிக்கட்டை மடக்கி, ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை. ஆடி ஆவணியில் தொடங்கினால் தை, மாசி வரை ஒரே செடிக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கும். காய் இல்லாத மாதங்களில் கவாத்து, களை, அரிவாள் வேலை.

கீழே பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை பந்தலில் விளைவது. கவாத்து என்றாலும் அறுப்பு என்றாலும் கையைத் தலைக்கு மேல் தூக்கி, கத்தரிக்கோலை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்கள், ஆண்டிபட்டிப் பக்கம் தறிக்காரர்கள், ஊர் ஊராகப் பூக்கட்டுபவர்கள் என்று இந்த மாவட்டத்தில் விரல்தான் பாதிப் பேருக்குச் சோறு போடுகிறது.

அதனாலேயே இங்கே ஒரு பேச்சு உண்டு. "வேலை செஞ்ச கை, மரத்துத்தான் போகும்." நான் சின்ன வயதிலிருந்து கேட்ட வார்த்தை. ஆறுதலுக்குச் சொல்வதுதான். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு காலம் கடத்தியவர்களின் கையை எண்ணிப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

மணிக்கட்டில் ஒரு சுரங்கம்

பெரியம்மாவுக்கு வந்ததன் பெயர் கார்ப்பல் டன்னல் சிண்ட்ரோம். தமிழில் மணிக்கட்டுச் சுரங்க நோய் எனலாம்.

சுரங்கம் என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். 1895-ல் பெரியாறு அணை கட்டி, மேற்கே ஓடிய தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே கொண்டுவந்ததால்தான் இந்தப் பள்ளத்தாக்கு பச்சையாக இருக்கிறது. அந்தச் சுரங்கம் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? அணையில் தண்ணீர் நிறைய இருந்தாலும் வயலுக்கு வராது. கையிலும் அதேதான். விரல் நன்றாக இருக்கும், மூளை நன்றாக இருக்கும், நடுவில் பாதை நெருக்கப்பட்டிருக்கும்.

உள்ளங்கை தொடங்கும் இடத்தில் எட்டுச் சிறு எலும்புகள் ஒரு தொட்டில்போல வளைந்து நிற்கின்றன. அதன் மேல் குறுக்கே கெட்டியான ஒரு பட்டை. இரண்டுக்கும் இடையில் உள்ள சந்துதான் சுரங்கம். அகலம் கட்டைவிரல் அளவு. அதற்குள் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்கள் போகின்றன. அவற்றோடு பத்தாவதாக மீடியன் நரம்பு. பத்தில் நரம்பு ஒன்றுதான் மென்மையானது. உள்ளே கொஞ்சம் வீங்கினாலும் எலும்பும் விலகாது, பட்டையும் விரியாது. நசுங்குவது நரம்புதான்.

1981-ல் அமெரிக்காவில் இந்தச் சந்துக்குள் மெல்லிய குழாய் செலுத்தி அழுத்தத்தை அளந்தார்கள். கையை நேராக வைத்திருக்கும்போது நோய் இல்லாதவர்களுக்குச் சராசரி 2.5 மி.மீ. பாதரசம். நோயாளிகளுக்கு 32. மணிக்கட்டை மடக்கினால் நோய் இல்லாதவர்களுக்கே 31 ஆகிறது, நோயாளிகளுக்கு 94. நரம்பிலிருந்து ரத்தம் வடிந்து போவது 20 – 30-லேயே தடைபடத் தொடங்கும்.

இரவில் ஏன் அதிகம் என்பதற்கும் பதில் இதில் இருக்கிறது. தூக்கத்தில் நம்மை அறியாமல் மணிக்கட்டை மடக்கிக்கொள்கிறோம், கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொள்கிறோம். படுத்திருக்கும்போது உடம்பில் உள்ள நீர் கைப்பக்கமும் பரவுகிறது. அழுத்தம் ஏறி நரம்பு மரத்து, ஆளை எழுப்பிவிடுகிறது. உதறினால் கை நேராகிறது, ரத்தம் ஓடுகிறது, தணிகிறது.

எந்த விரல், எந்த நேரம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மீடியன் நரம்புக்கு என்று விரல்கள் உண்டு. கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல், மோதிர விரலில் நடுவிரலை ஒட்டிய பாதி. சுண்டுவிரல் அதன் கணக்கில் கிடையாது.

என் கதையைச் சொல்கிறேன். நான் கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவன். எனக்கும் கை மரக்கும். கார்ப்பல் டன்னல்தான் என்று நானே முடிவு கட்டி, மணிக்கட்டுக்கு மெத்தை வைத்த மவுஸ் பேடு எல்லாம் வாங்கினேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எந்த விரல்?" சுண்டுவிரலும் மோதிர விரலும் என்றேன். அது அல்னார் நரம்பாம். மணிக்கட்டில் அல்ல, முழங்கையில் நெருக்கப்படுவது. ராத்திரி முழங்கையை மடக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் போன் பார்க்கும் பழக்கத்தை விட்டதும் போய்விட்டது. மவுஸ் பேடு இன்னும் கிடக்கிறது.

பெரியம்மாவிடம் இதே கேள்வியை யாரும் கேட்கவில்லை. "கை மரக்குது" என்று சொன்னார். "சுகர் இருக்குல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றார் ஒருவர். கழுத்தை எக்ஸ்ரே எடுத்து "எலும்பு தேய்மானம்" என்றார் இன்னொருவர். ஐம்பதைத் தாண்டிய யார் கழுத்தை எடுத்தாலும் தேய்மானம் தெரியும். பிறகு "நரம்பு ஊசி" என்று சத்து ஊசி சில மாதம்.

ஆகவே டாக்டரிடம் போகும்போது மூன்று விஷயத்தைக் குறித்துக்கொண்டு போங்கள்.

ஒன்று, எந்தெந்த விரல். தெரியாவிட்டால் இரவு மரத்து எழும்போது பேனாவால் விரலில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். உள்ளங்கைத் தோலில் உணர்வு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அங்கே போகும் கிளை சுரங்கத்துக்குள் நுழையாமல் மேலேயே போய்விடுகிறது.

இரண்டு, எந்த நேரம். தூக்கத்தில் எழுப்புகிறதா, உதறினால் போகிறதா, போன் பிடிக்கும்போதும் பைக் ஓட்டும்போதும் வருகிறதா.

மூன்று, இப்போது எது முடியவில்லை. பட்டன் போடுவது, காசு பொறுக்குவது, ஊசியில் நூல் கோர்ப்பது.

வீட்டில் ஒன்று செய்து பார்க்கலாம். இரண்டு புறங்கைகளையும் ஒட்டவைத்து, விரல் கீழே பார்க்க, ஒரு நிமிடம் மணிக்கட்டை மடக்கி வையுங்கள். மேலே சொன்ன விரல்கள் மரத்தால் சந்தேகப்படலாம். இதற்கு ஃபேலன் சோதனை என்று பெயர். வராவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. உறுதி செய்ய நரம்பில் மின்துடிப்பு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்கும் பரிசோதனை இருக்கிறது.

இரண்டு பாதமும் சேர்ந்து மரத்தால் சர்க்கரையை யோசிக்க வேண்டும். தோலில் உணர்ச்சியில்லாத வெளிறிய தேமல் இருந்தால் தொழுநோய்க்குப் பார்க்க வேண்டும், அதற்கு அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். திடீரென்று ஒரு பக்கக் கை மரத்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

பாஸ்டனிலும் உதறினார்கள்

1854-ல் லண்டனில் ஜேம்ஸ் பேஜெட் என்ற அறுவை மருத்துவர், மணிக்கட்டு எலும்பு முறிந்த பிறகு இந்த நரம்பு நசுங்கியதைப் பதிவு செய்தார். 1880-ல் பாஸ்டனில் ஜேம்ஸ் ஜாக்சன் புட்னம் 37 நோயாளிகளைப் பற்றி எழுதினார். இரவில் கை மரத்து எழுகிறார்கள், கட்டிலுக்கு வெளியே கையைத் தொங்கவிடுகிறார்கள், உதறுகிறார்கள், தணிகிறது என்று. அதைப் படித்தபோது எனக்குப் பெரியம்மாதான் கண்முன் வந்தார். ஆனால் காரணம் ரத்தக்குழாயில் இருக்கும் என்று புட்னம் நினைத்தார். "ரத்த ஓட்டம் இல்ல" என்று நம் ஊரில் இன்றும் சொல்வதும் அதுதான்.

1913-ல் பாரிஸில் பியர் மாரியும் ஃபுவாவும், இறந்துபோன ஒருவரின் கையை அறுத்துப் பார்த்தார்கள். பட்டைக்கு அடியில் நரம்பு மெலிந்து, அதற்கு முன்னால் தடித்துப் போயிருந்தது. பட்டையை வெட்டிவிட்டிருந்தால் கை தப்பித்திருக்கலாம் என்று எழுதினார்கள். அது பரவலாக நடைமுறைக்கு வர 1950-கள் ஆயின. கிளீவ்லாந்தின் ஜார்ஜ் ஃபேலன்தான் அதற்குப் பெரிய காரணம். 1966-ல் அவர் 654 கைகளின் அனுபவத்தை வெளியிட்டார்.

வேலையா, உடம்பா?

ஃபேலன் பார்த்தவர்களில் பெரும்பாலோர் நடுவயதுப் பெண்கள். வேலைக்கும் இதற்கும் பெரிய சம்பந்தமில்லை என்பது அவர் கருத்து. இதுபற்றிய சண்டை இன்றும் முழுதாக ஓயவில்லை. ஆனால் பலத்தைப் போட்டு அழுத்தும் வேலை, அதையே திரும்பத் திரும்பச் செய்வது, அதிரும் கருவி, இவற்றுக்குத் தொடர்பு உண்டு என்பதற்கு நல்ல ஆதாரம் சேர்ந்துவிட்டது. 2010-ல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தன் தொழில்நோய்ப் பட்டியலில் இதைச் சேர்த்தது. வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் குற்றம் சொல்லும் கீபோர்டுக்கு எதிரான ஆதாரம்தான் பலவீனம். ஐ.டி. நோய் என்று பெயர் வாங்கியது, ஆனால் அதிகம் தேட வேண்டிய இடம் தோட்டமும் ஆலையும்.

உடம்பும் பங்கு போடுகிறது. பெண்களுக்கு அதிகம். சர்க்கரை, தைராய்டு குறைவு, முடக்குவாதம், உடல் பருமன், பழைய எலும்பு முறிவு எல்லாம் சேரும். கர்ப்பிணிகளுக்கு வந்தால் பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் தணியும். பெரியம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது, மாதவிடாய் நின்றிருந்தது, இருபத்தைந்து வருடக் காய் எடுப்பும் இருந்தது. எதைக் குற்றம் சொல்ல? சர்க்கரை இருப்பவர்களுக்கு இந்தச் சுரங்க நெருக்கடி அதிகமாக வருகிறது. ஆகவே "சுகர்தான்" என்று சொல்லி நிறுத்திவிடக் கூடாது. சர்க்கரை இருந்தால் இதையும் பார்க்க வேண்டும்.

வலி போனால் நல்லதா?

பொங்கல் முடிந்து கிளம்பும் அன்று பெரியம்மாவின் இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடது கையில் கட்டைவிரலுக்கு அடியில் சதை மேடு இருந்தது. வலது கையில் அந்த இடம் குழி. சப்பையாகி எலும்பு தெரிந்தது. கட்டைவிரலை உள்ளங்கைக்கு மேலே நேராகத் தூக்கச் சொன்னேன். வலதில் வரவில்லை. "இப்பல்லாம் டம்ளர் கைய விட்டு நழுவுது. பூக்கட்ட முடியல. வயசாயிருச்சு" என்றார். தோசைக்கல்லில் சுட்டதுகூடத் தெரியவில்லை.

நரம்பு நெருக்கப்படும்போது முதலில் அதன் மேலுறை கெடுகிறது. அந்தக் கட்டத்தில்தான் எரிச்சல், விறுவிறுப்பு, இரவு விழிப்பு. நெருக்கடி நீடித்தால் உள்ளே இருக்கும் இழைகளே சாகத் தொடங்கும். வலியை எடுத்துச் செல்லவும் அதே நரம்பில்தான் இழை வேண்டும். அது போனால் வலியும் குறையும். உணர்வும் போகும், கட்டைவிரல் தசையும் வற்றும்.

அதாவது "தானா வலி நின்னுபோச்சு" என்பது சில சமயம் குணமாவதற்கு நேர் எதிரான செய்தி. வலி நின்று, கூடவே உணர்வும் பிடியும் திரும்பி வந்திருந்தால் நல்லது. வலி நின்று, மரப்பு மட்டும் பகலிலும் நிலைத்துவிட்டால் அவசரம்.

என்ன செய்யலாம்

ஆரம்ப நிலையில் முதல் வைத்தியம் மிகச் சாதாரணமானது. இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டி. மருந்துக்கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. உள்ளே தகடு இருக்க வேண்டும், மேலே வளைந்தோ கீழே மடங்கியோ இல்லாமல் கை நேராக நிற்க வேண்டும். குறைந்தது ஆறு வாரமாவது தினமும் இரவு போட வேண்டும். கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றுவது பட்டி ஆகாது, அது நெருக்கடியைக் கூட்டும்.

அடுத்தது ஸ்டீராய்டு ஊசி, மணிக்கட்டில். 2018-ல் லான்செட்டில் வந்த ஓர் ஆய்வில் 234 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஊசியையும் பட்டியையும் ஒப்பிட்டார்கள். ஆறு வாரத்தில் ஊசி முந்தியது, ஆறு மாதத்தில் இரண்டும் ஒன்றுதான். சீக்கிரம் தணிக்கும், நிரந்தரம் என்று நம்ப முடியாது. சர்க்கரைக்காரர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும், சொல்லிவைத்துவிட்டுப் போட வேண்டும்.

வலி மாத்திரையால் இந்த நோய்க்குப் பெரிய பயனில்லை, தினம் போட்டால் சிறுநீரகத்துக்குக் கேடு. "நரம்புச் சத்து" என்று தரும் பி6 வைட்டமினும் இந்த நெருக்கடியை அவிழ்ப்பதில்லை. தினம் 2 முதல் 6 கிராம் வரை பி6 சாப்பிட்டவர்களுக்கு நரம்பே கெட்டது என்று 1983-லேயே எழுதியிருக்கிறார்கள். பி12 குறைவு ரத்தத்தில் உறுதியானால் அந்த ஊசி வேறு கணக்கு.

வேலையில் என்ன மாற்றலாம்? கத்தரிக்கோலை அடிக்கடி சாணை பிடித்தால் அழுத்தும் பலம் குறையும். கைப்பிடி தடிமனாக இருந்தால் நல்லது. கையை மாற்றி மாற்றிச் செய்யலாம். காய் எடுக்கும்போது சின்ன ஸ்டூலில் உட்கார்ந்தால் மணிக்கட்டு நேராக இருக்குமே என்று பெரியம்மாவிடம் சொன்னேன். "மலைச்சரிவுல ஸ்டூலத் தூக்கிக்கிட்டு எங்கிட்டுடா உக்கார்றது?" என்று சிரித்தார். எழுதுகிறவனுக்கு எளிது.

தேனி, கம்பம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு பிசியோதெரபியும் வீட்டுக்கு வருகிறது. மாத்திரை கொடுக்க வருபவரிடம் கை மரப்பதையும் சொல்லுங்கள்.

அறுவையும், அதன் கணக்கும்

தசை வற்றியிருந்தாலோ, மரப்பு நிலைத்துவிட்டாலோ, பட்டியும் ஊசியும் பலிக்காவிட்டாலோ அறுவைதான். கேட்கப் பயமாக இருந்தாலும் சின்ன அறுவை. கை மட்டும் மரக்க ஊசி போட்டு, உள்ளங்கையில் சிறிய கீறல் வைத்து, அந்தக் குறுக்குப் பட்டையை வெட்டிவிடுகிறார்கள். சுமார் அரைமணி நேரம், பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். பட்டை பிறகு கொஞ்சம் தளர்வாக ஒட்டிக்கொள்ளும். தழும்புப் பக்கம் சில வாரம், சிலருக்குச் சில மாதம் வலிக்கும். பிடி பலம் திரும்ப மூன்று மாதம் போல ஆகும்.

பெரியம்மா பயந்தது கத்திக்கு இல்லை. "ஆறு வாரம் மலைக்குப் போகலேன்னா வீட்டுக்கு யாரு பாப்பா?" நியாயமான கேள்வி. டாக்டரிடம் அதையே கேட்டோம். கனமான வேலைக்கு ஆறு முதல் எட்டு வாரம், லேசான வேலைக்கு அதற்கு முன்னே போகலாம் என்றார். மாசியில் காய் எடுப்பு முடிந்ததும் நாள் குறித்தோம். அவருக்கு அதிர்ஷ்டம், காத்திருக்க வேண்டியது சில வாரம்தான். எடுப்பு தொடங்கும் ஆடியில் தெரிந்திருந்தால் காத்திருக்கச் சொல்லியிருக்க மாட்டேன்.

வலது கையை அறுவை செய்தார்கள். இடது கைக்கு இரவுப் பட்டி, அதோடு தைராய்டு பரிசோதனை, சர்க்கரைக்கு மருந்து மாற்றம்.

இடது கை இரண்டு மாதத்தில் அமைதியானது. இப்போது பெரியம்மா இரவு முழுக்கத் தூங்குகிறார். வலது கையில் விரல் நுனிக்கு உணர்வு பாதி வந்திருக்கிறது. நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் போலத்தான் வளரும், மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்கு வர அரை வருடம் ஆகும். சூடு தெரிகிறது. டம்ளர் நழுவுவதில்லை. ஆனால் கட்டைவிரல் மேடு நிரம்பவில்லை. இனி நிரம்பும் என்று டாக்டர் சொல்லவும் இல்லை. காய் எடுக்கும் வேலையை விட்டுவிட்டார்.

ஒரே ஆள், ஒரே நோய், இரண்டு கை. ஒன்றைக் கண்டுபிடித்தது இரவில் உதறிக்கொண்டிருந்த நேரத்தில். இன்னொன்றைக் கண்டுபிடித்தது உதறுவது நின்ற பிறகு. இடையில் போனது மூன்று நான்கு வருடம்.

உங்கள் வீட்டில் இரவில் கையை உதறுகிற அம்மா, அத்தை, பாட்டி யாராவது இருப்பார்கள். நாளைக்குக் காலையில் பக்கத்தில் உட்கார்ந்து எந்த விரல் என்று கேளுங்கள். இரண்டு கையையும் ஒன்றாக வைத்து, கட்டைவிரலுக்கு அடியில் ஒரு தடவை பாருங்கள்.